மாத்திரையை நிறுத்தச் சொன்னால் கைவிட்டதாக அர்த்தமில்லை: புராஸ்டேட் புற்றுநோயும் துணைப்புரதங்களும்

வாசகர் கடிதம்:

என் அப்பாவுக்கு வயது 71. இரண்டு ஆண்டுகளுக்கு முன் புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் சுரக்கும் புரதத்தின் ரத்த அளவு) 86. இடுப்பெலும்பில் இரண்டு இடங்களில் பரவியிருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆண் ஹார்மோனைக் குறைக்கும் லூப்ரோலைடு ஊசி, தினமும் அந்த ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் 50 மில்லிகிராம் பைகாலுடமைடு மாத்திரை. பி.எஸ்.ஏ. 0.9 வரை இறங்கியது. பிறகு மூன்று மாதத்தில் 1.9 ஆனது, அடுத்த மூன்று மாதத்தில் 3.8. டெஸ்டோஸ்டிரோன் 18தான் இருக்கிறது. இப்போது டாக்டர், "பைகாலுடமைடை நிறுத்திவிட்டு ஆறு வாரம் பார்ப்போம்" என்கிறார். நோய் ஏறும்போது மருந்தை நிறுத்துவார்களா? "என்னைக் கைகழுவிட்டாங்க" என்று சொல்லி அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. ஹார்மோனே இல்லாதபோது அதைப் பிடிக்கும் ஏற்பி (ரிசெப்டர்) எப்படி வேலை செய்கிறது? அதோடு சேர்ந்து வேலை செய்யும் துணைப்புரதங்கள்தான் காரணம் என்று படித்தேன். அவற்றைத் தடுக்க மருந்து உண்டா? அதுவரை மஞ்சள் மாத்திரை கொடுக்கலாமா?

ஓர் ஆசிரியை, திருவாரூர்

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்: அவரை யாரும் கைகழுவவில்லை. இந்த நிலையில் பைகாலுடமைடை நிறுத்திப் பார்ப்பது சிகிச்சையின் ஒரு படி. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்து மருத்துவர்கள் 1993லேயே இதே வகை மாத்திரையான ஃப்ளுடமைடை நிறுத்தியதும் சிலருக்கு பி.எஸ்.ஏ. இறங்குவதைக் கவனித்து எழுதினார்கள். பைகாலுடமைடிலும் அப்படியே நடந்தது. ஊசி நிற்கப்போவதில்லை, மாத்திரை மட்டும்தான் நிற்கிறது. நோயை அடக்கிய மாத்திரை ஒரு கட்டத்தில் நோய்க்கே தீனியாவது எப்படி என்ற கேள்விக்கு விடை, நீங்கள் படித்த அந்தத் துணைப்புரதங்களில் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் உள்ள விவரங்களை மட்டும் வைத்து எழுதுகிறேன். ஸ்கேனையும் ரிப்போர்ட்டுகளையும் கையில் வைத்திருக்கும் உங்கள் டாக்டர் சொல்வதே இறுதி.

"ஹார்மோனே இல்லாதபோது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஹார்மோன் இல்லாமல் போகவில்லை, குறைந்திருக்கிறது. ஆரோக்கியமான ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சுமார் 300 முதல் 1000 நானோகிராம் வரை இருக்கும். 50க்குக் கீழே வந்தால் ஊசி வேலை செய்கிறது என்று கொள்கிறோம். அப்பாவுக்கு 18. ஆகவே ஊசியில் குறையில்லை. (இதே எண் 120 என்று வந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஊசி 12 வாரம் தாண்டிப் போடப்பட்டதா, பொடி சரியாகக் கலக்கப்பட்டதா என்று முதலில் அதைத்தான் பார்க்கச் சொல்லியிருப்பேன்.) மிச்சமிருக்கும் 18, பெரும்பாலும் சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்களிலிருந்து வருவது. போதாததற்குப் புற்றுநோய்ச் செல்களே அந்த மூலப்பொருளை எடுத்துத் தமக்கு வேண்டிய ஆண்ட்ரோஜனை (ஆண் ஹார்மோனை) உள்ளேயே தயாரித்துக்கொள்கின்றன. அது ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

பி.எஸ்.ஏ. என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பி.எஸ்.ஏ. புரதத்துக்கான மரபணு, ஆண்ட்ரோஜன் ஏற்பி போய் உட்கார்ந்தால்தான் நன்றாக வேலை செய்யும். எனவே டெஸ்டோஸ்டிரோன் 18 இருக்கும்போது பி.எஸ்.ஏ. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறது என்றால், குறைந்த ஹார்மோனிலும் ஏற்பி மறுபடி வேலையில் இறங்கிவிட்டது என்று படிக்க வேண்டும்.

இனி அந்த ஏற்பியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். வகுப்பில் பூட்டு, சாவி என்று சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். தொடக்கத்துக்கு அது சரி. ஆனால் உங்கள் அப்பாவின் நிலைமையை அந்த உவமையால் விளக்க முடியாது. திருவாரூர்க்காரரான உங்களுக்குத் தேரை வைத்துச் சொல்வது எளிது. வேட்டுப் போட்டவுடன் தேர் தானாக நகர்வதில்லை. வடம் பிடிக்க ஆட்கள் வேண்டும். சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களும் கூடவே இருப்பார்கள். ஹார்மோன் வேட்டு மாதிரி. தேரை நகர்த்துவதும் நிறுத்துவதும் துணைப்புரதங்கள். ஆண்ட்ரோஜன் ஏற்பியோடு சேரும் துணைப்புரதங்கள் இருநூறுக்கும் மேல் பட்டியலில் உள்ளன. அவற்றில் ஒரு பத்தைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஹார்மோன் வரும்வரை ஏற்பி சைட்டோபிளாசத்தில், எச்.எஸ்.பி.90 என்ற தாங்குபுரதத்தின் பிடியில் இருக்கும். எச்.எஸ்.பி.70, பி23, எஃப்.கே.பி.பி.52 ஆகியவையும் அந்தக் கூட்டத்தில் உண்டு. இவை ஏற்பியை மடிப்புக் குலையாமல், ஹார்மோன் நுழையும் குழியைத் திறந்தபடி பிடித்து வைத்திருக்கின்றன. எஃப்.கே.பி.பி.52 மரபணுவை நீக்கிய ஆண் எலிகளுக்கு ஹார்மோன் சுரந்தும் புராஸ்டேட் சரியாக வளராது, சிறுநீர்த் துவாரமும் உரிய இடத்தில் அமையாது. ஒரே ஒரு துணைப்புரதம் இல்லாமல் போனதற்கு இவ்வளவு விளைவு.

ஹார்மோன் சேர்ந்ததும் ஏற்பி உட்கருவுக்குள் போய், இரண்டிரண்டாகச் சேர்ந்து டி.என்.ஏ.வைப் பிடிக்கிறது. ஆனால் டி.என்.ஏ. சும்மா நீட்டி வைத்த நூல் அல்லவே. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் கொண்ட உருளையில் 147 கார இணைகள் வீதம் இறுகச் சுற்றியிருக்கிறது. ஃபாக்ஸ்-ஏ1 என்ற முன்னோடிப் புரதம் முதலில் போய் இடம் திறந்து வைக்கிறது. ஏற்பி அங்கே அமர்ந்ததும் எஸ்.ஆர்.சி. குடும்பத்து மூன்று புரதங்கள் (எஸ்.ஆர்.சி.-1, 2, 3) வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவை பி300, சி.பி.பி. என்ற இரண்டு நொதிகளை இழுத்து வருகின்றன. இந்த இரண்டும் ஹிஸ்டோனின் லைசின் அமினோ அமிலங்களில் அசிட்டைல் தொகுதியை ஒட்டும்போது லைசினின் நேர்மின்சுமை போய்விடுகிறது. எதிர்மின்சுமை கொண்ட டி.என்.ஏ.வின் பிடி தளர்கிறது. பிறகு மீடியேட்டர் என்ற பெரிய புரதக்கூட்டம் பாலம் போட, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் ஓடத் தொடங்குகிறது. வடம் பிடித்தவர்கள் இவர்கள். முட்டுக்கட்டை போடுகிறவர்கள் என்.கோர்., ஸ்மர்ட் என்ற இரண்டு புரதங்கள். எச்.டேக்.3 என்ற நொதியைக் கூட்டி வந்து, ஒட்டிய அசிட்டைலைப் பிய்த்துப் போட்டு, டி.என்.ஏ.வை மறுபடி இறுக்கிவிடுகின்றன.

பைகாலுடமைடு வேலை செய்வது இந்த இடத்தில்தான். அது ஏற்பியை உட்கருவுக்குள் போகவிடாமல் தடுக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. பைகாலுடமைடு ஒட்டிய ஏற்பி உள்ளே போகிறது, டி.என்.ஏ.வையும் தொடுகிறது. ஆனால் அதன் வடிவம் மாறிவிட்டதால் வடம் பிடிப்பவர்கள் ஒட்ட முடியாமல், முட்டுக்கட்டைக்காரர்கள் ஒட்டுகிறார்கள். ஹார்மோனோடு குழிக்காகப் போட்டி போடுவது இந்த மருந்தின் ஒரு வேலை. ஏற்பியின் மேல் எந்தத் துணைப்புரதம் உட்கார வேண்டும் என்று தீர்மானிப்பது அதன் இன்னொரு வேலை. அந்த இரண்டாவது வேலை பிசகினால் அதே மாத்திரை கட்சி மாறிவிடும்.

மூன்று விதமாக அது பிசகலாம்.

முதலாவது, ஏற்பியின் எண்ணிக்கை. 2004ல் சார்லஸ் சாயர்ஸ் குழுவினர், ஹார்மோனைக் குறைத்தும் வளரக் கற்றுக்கொண்ட ஏழு வகைக் கட்டிகளை அவற்றின் பழைய வடிவத்தோடு ஒப்பிட்டார்கள். ஏழிலும் பொதுவாக மாறியிருந்தது ஒன்றே ஒன்று: ஆண்ட்ரோஜன் ஏற்பி கூடியிருந்தது. அதுவும் நூறு மடங்கெல்லாம் இல்லை, சில மடங்குதான். அந்தச் சில மடங்கிலேயே செல்கள் மிகக் குறைந்த ஹார்மோனுக்கு அசைந்தன. பைகாலுடமைடு போட்டால் அடங்காமல், ஊக்கம் பெற்று வேலை செய்தன. டி.என்.ஏ.வில் போய்ப் பார்த்தபோது அங்கே கூடியிருந்த துணைப்புரதங்களின் சேர்க்கையே மாறியிருந்தது.

இரண்டாவது, ஏற்பியின் குழியில் ஓரெழுத்து மாற்றம். உயிரியல் ஆசிரியை என்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், வகுப்பிலும் பயன்படும். ஹார்மோன் உட்காரும் குழியை ஒரு சம்புடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்பிப் புரதத்தின் 12ஆம் சுருள் அதன் மூடி. சரியான பொருள் உள்ளே உட்கார்ந்தால் மூடி கச்சிதமாகப் படியும். படிந்த மூடியின் வெளிப்புறத்தில் ஒரு பள்ளம் உருவாகும். துணைப்புரதம் பிடித்துக்கொள்வது அந்தப் பள்ளத்தைத்தான். பைகாலுடமைடு ஹார்மோனைவிடப் பெரிய மூலக்கூறு. அதன் ஒரு முனை துருத்திக்கொண்டு நிற்பதால் மூடி படியாது, பள்ளமும் அமையாது. இப்போது 741ஆம் இடத்தைப் பாருங்கள். அங்கே இருப்பது டிரிப்டோஃபேன், அமினோ அமிலங்களிலேயே பருமனானது. டி.என்.ஏ. எழுத்துகளில் அதன் குறியீடு டி-ஜி-ஜி. நடு ஜி, டி ஆனால் லூசின். கடைசி ஜி, டி ஆனால் சிஸ்டீன். இரண்டுமே டிரிப்டோஃபேனைவிடச் சிறியவை. பருமனான ஆள் எழுந்துபோன இடத்தில் பைகாலுடமைடின் துருத்திய முனை மடங்கி உட்கார்ந்துகொள்கிறது. மூடி படிகிறது. பள்ளம் அமைகிறது. வடம் பிடிப்பவர்கள் வந்துவிடுகிறார்கள். ஓரெழுத்தில் எதிரி மருந்து ஹார்மோனாகிவிட்டது. ஜப்பானில் 2003ல் வெளியான ஆய்வில், எல்.என்.கேப் என்ற புராஸ்டேட் புற்றுநோய்ச் செல்களைப் பைகாலுடமைடிலேயே வளர்த்தபோது, 6 முதல் 13 வாரங்களுக்குள் இந்த 741ஆம் இட மாற்றத்தோடு செல்கள் கிளம்பிவிட்டன. ஃப்ளுடமைடுக்கு இதே கதை 877ஆம் இடத்தில் நடக்கிறது: திரியோனின் போய் அலனின்.

ரிப்போர்ட்டில் 741க்குப் பதில் 742 என்றோ, 877க்குப் பதில் 878 என்றோ இருந்தால் குழம்ப வேண்டாம். ஏற்பியின் முன்பகுதியில் குளுட்டமின் தொடர்ச்சியாக வரும் ஒரு வரிசை உண்டு. அதன் நீளம் ஆளுக்கு ஆள் மாறும். ஒப்பீட்டுக்கு எடுத்த மூலப்படியில் ஒன்று கூடினால் பின்னால் உள்ள எல்லா எண்ணும் ஒன்று கூடும். இரண்டும் ஒரே இடம்தான்.

மூன்றாவது, வடம் பிடிப்பவர்களே பெருகிவிடுவது. எஸ்.ஆர்.சி.-2 புரதத்துக்கான மரபணு 8ஆம் குரோமோசோமின் நீளக் கையில் இருக்கிறது. புராஸ்டேட் புற்றுநோயில் அடிக்கடி கூடுதல் படிகளாகப் பெருகும் பகுதி அது. 2010ல் வெளியான 218 கட்டிகளின் மரபணு ஆய்வில் இந்த மரபணு தனியாகவே எடுத்துச் சொல்லப்பட்டது. எஸ்.ஆர்.சி.-3ன் பாதை வேறு. அதை அளவோடு வைத்திருக்க, "இதை அழித்துவிடு" என்று அடையாளம் போடும் ஸ்பாப் என்ற புரதம் உண்டு. புராஸ்டேட் கட்டிகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றில் ஸ்பாப் பழுதாகியிருக்கும். அப்போது எஸ்.ஆர்.சி.-3 அழிக்கப்படாமல் குவிகிறது. ஆண்ட்ரோஜன் ஏற்பியும் கூடவே குவிகிறது. துணைப்புரதம் பெருகிய செல்லுக்கு டெஸ்டோஸ்டிரோன்கூட வேண்டாம், அட்ரீனலின் பலவீனமான ஹார்மோன்களே போதும். "ஹார்மோன் இல்லாமல் எப்படி" என்ற உங்கள் கேள்விக்கு நேரான விடை இது: வடத்தில் ஆள் கூடினால் சின்ன வேட்டுக்கும் தேர் நகரும்.

அப்பாவின் கட்டியில் இந்த மூன்றில் எது நடந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. ஒன்றுக்கு மேலும் இருக்கலாம். முதலிரண்டில் ஏதாவது ஒன்று என்றால், மாத்திரையை எடுத்துவிட்டால் பி.எஸ்.ஏ. இறங்க வாய்ப்பு உண்டு. வெறும் துணைப்புரதப் பெருக்கம் மட்டும் என்றால் இறங்காமல் போகலாம். ஐந்து பேரில் ஒருவருக்கு இறங்கும் என்பது பொதுவான கணக்கு. மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டவர்களுக்கு வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல். இறங்கினால் அந்த நிலை பெரும்பாலும் சில மாதங்கள் நிற்கும், சிலருக்கு ஓராண்டைத் தாண்டும். பெரிய நம்பிக்கை வைக்கும் அளவுக்கு இல்லை என்றாலும், பக்கவிளைவில்லாமல் கிடைக்கும் ஒரு வாய்ப்பு.

ஏன் ஆறு வாரம்? பைகாலுடமைடு உடம்பை விட்டு மெல்லத்தான் போகும். ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஆறு நாள். ஐந்து முறை பாதியானால்தான் மூன்று சதவீதத்துக்கு வரும், அதற்கே முப்பது நாள். அதன் பிறகு பி.எஸ்.ஏ. இறங்குகிறதா என்று தெரிய இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள் வேண்டும். (ஃப்ளுடமைடு சீக்கிரம் வெளியேறிவிடும் என்பதால் அதற்கு நான்கு வாரம் போதும்.) பலர் தவறு செய்வது இங்கேதான்: மாத்திரையை நிறுத்திப் பத்தாம் நாளே பி.எஸ்.ஏ. எடுத்து, 4.3 என்று பார்த்துப் பயந்து, மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். பத்தாம் நாளில் மருந்து இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அந்த எண்ணை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

நிறுத்தும் நாளன்று ஒரு பி.எஸ்.ஏ., அதே ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன். பிறகு நான்காம் வாரம், ஆறாம் வாரம். எல்லாம் ஒரே லேபில் எடுங்கள். லேபுக்கு லேப் கருவி மாறும், 3.8க்கும் 4.2க்கும் இடையில் உள்ள வித்தியாசம் நோயால் வந்ததா கருவியால் வந்ததா என்று சொல்ல முடியாமல் போய்விடும். ஊசித் தேதி மட்டும் தள்ளக் கூடாது. 12 வாரம் என்றால் 84 நாள், காலண்டரில் குறித்து வையுங்கள். ஊசியை நிறுத்தினால் டெஸ்டோஸ்டிரோன் மெல்ல ஏறும், அப்போது இந்த ஆறு வாரக் கணக்கே பொருளற்றுப் போகும்.

அப்பாவின் எண்களில் எனக்குக் கவலை தருவது அந்த வேகம். மிகக் குறைந்த அளவிலிருந்து 25 சதவீதமும், 2 நானோகிராமுக்குக் குறையாமலும் ஏறி, மூன்று வாரம் கழித்து எடுத்த இன்னொரு பரிசோதனையிலும் அது உறுதியானால், ஊசியையும் மீறி நோய் வளர்கிறது என்பது அளவுகோல். 0.9லிருந்து 3.8 அதைத் தாண்டிவிட்டது. மூன்று மாத இரட்டிப்பு என்பது வேகமான நடை. அதனால் ஆறு வாரம் முடியட்டும் என்று ஸ்கேனைத் தள்ளிப் போட வேண்டாம். எலும்பு ஸ்கேனும் வயிறு, மார்பு சி.டி.யும் இப்போதே எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஸ்கேனில் புதிய இடங்கள் தெரிந்தாலோ, வலி இருந்தாலோ, காத்திருக்காமல் நேராக அடுத்த மருந்துக்குப் போவதுதான் பல மருத்துவர்களின் வழக்கம். அதுவே என் கருத்தும்.

இந்த ஆறு வாரத்தில் முதுகில் புதிதாக வலி, அதுவும் படுத்தால் கூடுகிற வலி, கால் துவளுதல், இடுப்புக்குக் கீழே மரத்துப் போதல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லாமல் போதல் அல்லது சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல், இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே எம்.ஆர்.ஐ. வசதியுள்ள மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். இது தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். மணிக்கணக்கில் தாமதித்தாலும் கால் திரும்ப வராமல் போகலாம். இரவு பதினொரு மணி என்றாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்து, துணைப்புரதங்களைத் தடுக்க மருந்து உண்டா என்ற கேள்வி. நேரடியாகத் தடுப்பதற்கு, கடையில் வாங்கும் மருந்து இன்றுவரை இல்லை. முயற்சிகள் நடந்திருக்கின்றன. எச்.எஸ்.பி.90ஐத் தடுக்கும் முதல் தலைமுறை மருந்துகள் ஆய்வகத்தில் அருமையாக வேலை செய்தன. புராஸ்டேட் நோயாளிகளிடம் பலன் தரவில்லை, தொந்தரவு அதிகம். காரணம் யோசித்தால் புரியும். எச்.எஸ்.பி.90 இந்த ஒரு ஏற்பிக்கு மட்டும் வேலைக்காரர் அல்ல, நூற்றுக்கணக்கான புரதங்களைத் தாங்குகிறது. பி300, சி.பி.பி. இரண்டையும் தடுக்கும் இனோப்ரோடிப் போன்ற மருந்துகள் மனிதர்களிடம் ஆய்வு நிலையில் உள்ளன. இந்த வகை மருந்துகளில் ரத்தத் தட்டணுக்கள் குறைவதை விடாமல் கண்காணிக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் எலும்பு மஜ்ஜைக்கும் அதே துணைப்புரதங்கள் தேவை.

மறைமுகமாக ஒன்று இருக்கிறது, அதுதான் அப்பாவுக்குப் பயன்படக்கூடியது. 2004ல் பைகாலுடமைடு கட்சி மாறுவதைக் கண்டார்களே, அந்த ஏற்பி பெருகிய செல்களையே வைத்து, அங்கேயும் கட்சி மாறாத மூலக்கூறைத் தேடினார்கள். கிடைத்தது என்சாலுடமைடு. பைகாலுடமைடைவிடப் பல மடங்கு இறுக்கமாக ஒட்டும். ஏற்பி உட்கருவுக்குள் போவதையே குறைக்கும். டி.என்.ஏ.வைப் பிடிப்பதையும் துணைப்புரதம் சேர்வதையும் தடுக்கும். அமெரிக்காவில் 2012ல் அனுமதி கிடைத்தது. அளவு தினமும் 160 மில்லிகிராம், ஒரே வேளையில். வலிப்பு வந்த சரித்திரம் இருந்தால் இது ஒத்துவராது. இந்த வயதில் அசதியும் விழுந்துவிடுவதும்தான் பெரிய தொல்லை, அதனால் குளியலறையில் பிடிமானம் வைப்பது அவசியம். கல்லீரலில் மற்ற மருந்துகளை வேகமாக எரித்துவிடும். அம்லோடிபின் சாப்பிடுகிறவருக்கு ரத்த அழுத்தம் ஏறலாம், வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அதன் அளவு குறையலாம்.

இன்னொரு வழி அபிராடெரோன். இது ஏற்பியைத் தொடுவதில்லை. அட்ரீனலிலும் கட்டிக்குள்ளேயும் நடக்கும் ஹார்மோன் தயாரிப்பையே நிறுத்துகிறது. சின்ன வேட்டும் வெடிக்காமல் செய்வது. 1000 மில்லிகிராம், வெறும் வயிற்றில். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், விழுங்கிய பிறகு ஒரு மணி நேரம் எதுவும் கூடாது. உணவோடு சாப்பிட்டால் ரத்தத்தில் அளவு பல மடங்கு எகிறிவிடும். கூடவே பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராம் காலை, மாலை. இதை விட்டுவிட்டால் பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும், கால் வீங்கும். முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனையும், மாதம் ஒருமுறையாவது பொட்டாசியமும் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாதவருக்கு இந்த பிரெட்னிசோலோன் தொல்லை தரும். இதய பலவீனம் உள்ளவருக்கும் யோசித்துத்தான் கொடுப்பார்கள். அப்பாவுக்குச் சர்க்கரை, இதயம், வலிப்பு இவற்றில் எது இருக்கிறது என்பதை வைத்துத்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார் டாக்டர்.

ஒன்று தோற்றதும் மற்றதை எழுதச் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய. அதில் பலன் குறைவு. ஏற்பியின் அமைப்பிலேயே காரணம் இருக்கிறது. இதுவரை புழக்கத்துக்கு வந்த ஏற்பித் தடுப்பு மாத்திரைகள் எல்லாம் ஏற்பியின் பின்முனையில், அந்தச் சம்புடக் குழியில் வேலை செய்பவை. ஆனால் ஆண்ட்ரோஜன் ஏற்பியில் துணைப்புரதங்கள் பெரும்பாலும் பிடிப்பது முன்முனையை. பள்ளத்தைப் பற்றி மேலே சொன்னேனே, அதில்கூட ஏற்பியின் சொந்த முன்முனையே வந்து உட்கார்ந்துகொள்வது வழக்கம். பின்முனையே இல்லாத ஒரு குட்டை வடிவத்தைக் கட்டி தயாரித்துக்கொண்டால் (ஏ.ஆர்.-வி7 என்பது அதுதான்) குழியும் இல்லை, மூடியும் இல்லை, மருந்து ஒட்ட இடமும் இல்லை. முன்முனை மட்டும் துணைப்புரதங்களைக் கூட்டிக்கொண்டு வேலை செய்துகொண்டே இருக்கும். 2014ல் வெளியான ஓர் ஆய்வில், ரத்தத்தில் திரியும் புற்றுநோய்ச் செல்களில் இந்த ஏ.ஆர்.-வி7 காணப்பட்டவர்களில் ஒருவருக்குக்கூட என்சாலுடமைடிலோ அபிராடெரோனிலோ பி.எஸ்.ஏ. பாதியாக இறங்கவில்லை. அந்த நிலை வந்தால் டோசிடாக்சல் போன்ற கீமோவுக்குப் போவதுதான் பொருத்தம். திசு மாதிரி இருந்தால் பி.ஆர்.சி.ஏ. (டி.என்.ஏ. பழுதைச் சரிசெய்ய உதவும்) மரபணுப் பரிசோதனையும் இப்போதே கேட்டு வையுங்கள். அதில் மாற்றம் இருந்தால் ஓலாபரிப் என்ற வேறு வகை மாத்திரைக்கு வழி உண்டு. உங்களுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும்கூட அந்த முடிவு முக்கியம்.

மஞ்சள். இந்த எண்ணம் உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. 2004ல் பெங்களூரு ஜவாகர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில், மஞ்சளின் குர்குமின் பி300 நொதியைத் தடுப்பதைக் கண்டறிந்தார்கள். மேலே சொன்ன அதே பி300. நல்ல ஆய்வு. ஆனால் சோதனைக்குழாயில் பி300 பாதியாக அடங்கத் தேவைப்பட்டது சுமார் 25 மைக்ரோமோலார் (செறிவின் அலகு). மனிதர்களுக்குத் தினமும் 8 கிராம் குர்குமின் கொடுத்துப் பார்த்தபோதுகூட ரத்தத்தில் சராசரியாக 2 மைக்ரோமோலாரை எட்டவில்லை. சமையல் மஞ்சளில் குர்குமின் நூற்றில் சில பங்குதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல் ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்.என்.கேப் செல்களை இரண்டு மூன்று நாள் கரியால் ஹார்மோன் நீக்கிய சீரத்தில் பட்டினி போட்டு, பிறகு ஆர்1881 என்ற செயற்கை ஆண்ட்ரோஜனை 1 நானோமோலார் கொடுத்து, 24 மணி நேரம் கழித்து பி.எஸ்.ஏ. மரபணு எவ்வளவு ஓடியது என்று அளப்பார்கள். கூடவே ஏதாவது சாற்றை ஊற்றி, பி.எஸ்.ஏ. குறைந்தது, எனவே துணைப்புரதம் தடுக்கப்பட்டது என்று எழுதிவிடுவார்கள். செல்லே நோய்ப்பட்டிருந்தாலும் பி.எஸ்.ஏ. குறையும். செல்கள் உயிரோடிருப்பதைத் தனியாக அளந்தார்களா, ஆண்ட்ரோஜன் ஏற்பியே இல்லாத பி.சி.-3 செல்களிலும் அதே சாற்றைச் சோதித்தார்களா, துணைப்புரதம் டி.என்.ஏ.வை விட்டு விலகியதை நேரடியாகக் காட்டினார்களா என்று பாருங்கள். சீரத்தில் ஹார்மோன் சரியாக நீக்கப்படாவிட்டாலும் கணக்குக் கெடும். அந்தச் செல்களின் ஏற்பியில் 877ஆம் இட மாற்றம் இருப்பதால் புரோஜெஸ்டிரோன்கூட அதை எழுப்பிவிடும்.

குழம்பில், பாலில் போடும் மஞ்சளால் ஒரு கெடுதலும் இல்லை. மஞ்சள் மாத்திரை வேண்டாம். அதில் பெரும்பாலும் மிளகுச் சாரமான பைப்பரின் சேர்த்திருப்பார்கள், குர்குமின் உடம்பில் ஏறுவதற்காக. அதே பைப்பரின் கல்லீரலில் மற்ற மருந்துகள் கரையும் வேகத்தையும் மாற்றும். அடுத்த மாதம் அபிராடெரோனோ என்சாலுடமைடோ ஆரம்பிக்கப்போகிற ஒருவருக்கு அது தேவையில்லாத குழப்பம். குறிப்பாக இந்த ஆறு வாரத்தில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். பி.எஸ்.ஏ. இறங்கினால் மாத்திரையை நிறுத்தியதால்தான் இறங்கியது என்று தெளிவாகத் தெரிய வேண்டும்.

அப்பா சாப்பிட வேண்டும். இரண்டு ஆண்டு ஹார்மோன் குறைந்த உடம்பில் தசையும் எலும்பும் ஏற்கெனவே தேய்ந்திருக்கும். முட்டை, பருப்பு, மீன், தயிர் எது பிடிக்குமோ அது, மூன்று வேளையும் ஏதாவதொன்று. தினமும் அரை மணி நடை. வைட்டமின் டி, கால்சியம் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். எலும்புக்கு ஊசி போடச் சொன்னால் அதற்கு முன் பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும், ஆடும் பல்லைப் பிறகு பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம்.

அவருக்குப் புரியும்படி நீங்களே சொல்லுங்கள். ஏற்பி, பி300 எல்லாம் வேண்டாம். "அப்பா, இந்த மாத்திரை ரெண்டு வருஷம் தேருக்கு முட்டுக்கட்டை போட்டுச்சு. இப்ப அந்தக் கட்டையையே நோய் மிதிச்சு ஏறப் பாக்குது. அதான் எடுக்கிறாங்க. ஊசி இருக்கு, அடுத்த மருந்தும் தயாரா இருக்கு" என்று சொல்லுங்கள். பிறகு, மாத்திரை நிறுத்திய தேதி, அடுத்த ஊசித் தேதி, நான்காம் வார, ஆறாம் வார ரத்தப் பரிசோதனைத் தேதி நான்கையும் ஒரே தாளில் எழுதி, அவர் கண்ணில் படும்படி காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.